கம்பி கழற்றும் வரை

மே 14

அண்ணிக்கு,

நேற்று வீடியோவில் அவள் வாயைப் பொத்திக்கொண்டே பேசினாள். கையை எடு என்றேன், எடுக்கவில்லை. பின்னாலிருந்து அண்ணன், "காட்டுடி, உங்கம்மாதானே" என்றதும் உதட்டை ஒரு நொடி விரித்தாள். பல் முழுக்கக் கம்பி. நான் சிரித்துவிட்டேன். அதிர்ச்சியில் வந்த சிரிப்பு அது. அவள் போனை உங்கள் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இதையெல்லாம் போனில் கேட்க முடியாது. நாம் பேசும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜூலையில் அவளை என்னோடு கூட்டிவரப் போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அனுமதிக்காக நான் எத்தனை வருஷம் நடையாய் நடந்தேன் என்பதும் தெரியும். இங்கே பள்ளிக்கூடத்தில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த நேரம் பார்த்துக் கம்பி போட்டிருக்கிறீர்கள்.

நான் தேடித் தேடிப் படித்தேன். போட்டால் சுமார் இரண்டு வருஷம். மாதாமாதம் போய்ச் சரிபார்த்து இறுக்க வேண்டும். பாதியில் டாக்டரை மாற்றினால் குழப்பம். இதெல்லாம் விளக்கிச் சொன்ன பிறகுதான் போடுவார்களாம். அப்படியென்றால் எல்லாம் தெரிந்தேதான் சரி என்று தலையாட்டியிருக்கிறீர்கள்.

நாலு பல்லைப் பிடுங்கினார்களாமே, அண்ணன் வாய்தவறிச் சொல்லிவிட்டார். நான் வெளிநாடு கிளம்பியபோது அவள் வாயில் இருந்தது எல்லாம் பால்பல். நடுவில் ஒரு தடவை விடுமுறைக்கு வந்தபோது முன்பல் இரண்டுதான் எட்டிப் பார்த்தது. மற்றதெல்லாம் நான் இல்லாதபோது முளைத்தவை. அதில் நாலு போய்விட்டது. நான் ஒரு தடவைகூட நேரில் பார்க்காத பல், அண்ணி.

அவளைப் பெற்றவள் நான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மே 30

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ "அன்புள்ள" போடலை, நான் போட்டுட்டேன். கணக்கு தீர்ந்துது.

உன் கடிதத்தை உங்க அண்ணன் படிக்கக் கேட்டார். கொடுக்கலை. படிச்சா ரெண்டு நாள் சாப்பிடமாட்டார், அப்புறம் அவருக்கும் சேர்த்து நான்தான் கஷ்டப்படணும்.

கேக்கலைன்னு சொல்றே. கேட்டேன். நாலஞ்சு தடவை கூப்பிட்டேன், உன் போன் நீ வேலை பாக்கற அந்த லென்ஸ் கம்பெனி லாக்கர்ல கிடந்து அடிச்சுக்கிட்டே இருந்துது. நீ திரும்பிக் கூப்பிடும்போது இந்தப் பிசாசு பக்கத்துல நிக்குது. எப்படிப் பேசுவேன்?

நடந்தது இதுதான். பள்ளிக்கூடத்துல படியில தடுக்கி விழுந்தா. வேற பிள்ளைன்னா முட்டி மட்டும் சிராய்ஞ்சிருக்கும். இவளுக்கு மேல்பல் துருத்திக்கிட்டு இருக்கறதால பல்லுதான் முதல்ல தரையைத் தொட்டுது. முன்பல் ஓரம் உடைஞ்சு போச்சு. அதை ஒட்டவைக்கப் போன இடத்துலதான் டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு, "இப்பவே ஆரம்பிங்க, தாடை வளர்ற வயசு இது, எலும்பு சொன்னபடி கேக்கும். விட்டுட்டு வளர்ந்தப்புறம் வந்தா தாடையில ஆபரேஷன் வரைக்கும் போகலாம்"னாங்க. நான் தையல்காரி. காலர் வெட்டறதுக்கு முன்னாடி திருத்தறதா, தைச்சப்புறம் பிரிக்கறதான்னு கேட்டா எனக்குப் பதில் தெரியும். சரின்னேன்.

உன் ஜூலை எனக்கு ஞாபகம் இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். இருந்துது.

இன்னொண்ணு. அவ சிரிக்கறதை விட்டு ஒரு வருஷமாச்சு. உனக்குத் தெரியாது, வீடியோவுல குனிஞ்சுக்குவா, உச்சந்தலைதான் தெரியும். கிளாஸ் போட்டோவுல வாயை மூடிக்கிட்டு, சோகமான போலீஸ்காரர் மாதிரி நிக்கறா.

கம்பி போட்ட முதல் நாலு நாள் வலியில துடிச்சா. மசிச்ச சோறும் வாழைப்பழமும்தான். கன்னத்துல உள்பக்கம் புண்ணு. கம்பி குத்தற இடத்துல ஒட்டிக்க மெழுகு கொடுத்திருக்காங்க, உருட்டி உருட்டி வெக்கறா. மிட்டாய், கடலை, ஐஸ்கட்டி எதையும் கடிக்கக் கூடாது. ஒவ்வொரு தடவை சாப்பிட்டதும் சின்ன பிரஷ்ஷை இண்டு இடுக்குல விட்டுத் தேய்க்கணும். அவ தேய்க்கற லட்சணத்துக்கு நான் குளியலறை வாசல்ல காவல்காரி.

நீ திட்டு. ஆனா நல்லா சாப்பிட்டுட்டுத் திட்டு.

உன் அண்ணி


ஜூன் 18

அன்புள்ள அண்ணி,

போட்டுவிட்டேன், போதுமா.

விழுந்ததை யாருமே எனக்குச் சொல்லவில்லை. அவள் தினம் என்னோடு பேசுகிறாள். "என்ன சாப்பிட்டே", "படிச்சியா", "சரிம்மா". உடைந்த பல்லை உதட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் அத்தனை "சரிம்மா"வும் சொல்லியிருக்கிறாள்.

கோபத்தோடு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது என்று இங்கே ஒரு பல் சீரமைப்பு டாக்டரைப் பார்த்தேன். வாயில் ஒன்றுமில்லாமல் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். "எனக்கில்லை, என் பெண்ணுக்கு" என்றதும் விளக்கை அணைத்துவிட்டார். பாதியில் வரும் பிள்ளைகளை எடுத்துக்கொள்வாராம். ஆனால் அங்கே எடுத்த எக்ஸ்ரே, பல் அச்சு எல்லாம் வேண்டும். ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு வழி, சில சமயம் கழற்றிவிட்டு முதலிலிருந்து போட வேண்டியிருக்கும், அவசரமில்லை என்றால் ஆரம்பித்தவரே முடிப்பது பிள்ளைக்கு நல்லது என்றார். அவசரம் என்றேன். யாருக்கு என்று கேட்டார்.

பிறகு அவளுடைய பழைய போட்டோக்களைக் காட்டச் சொன்னார். அந்த இரண்டு முன்பல் தெரியச் சிரிக்கும் போட்டோ இருக்கிறதே, அதைப் பார்த்துத்தானே நான் முயலு என்று பெயர் வைத்தேன், அதைக் காட்டினேன். "விரல் சூப்பும் பழக்கம் உண்டா?" என்றார். இல்லவே இல்லை என்றேன். பால்குடி மறந்த பிறகு என் முயலு விரலை வாயில் வைத்ததே கிடையாது. அவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நீங்கள் கூடவே இருந்தீர்களா?" என்று கேட்டார்.

போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள். அப்படி ஏதாவது இருந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். இல்லை என்று எழுதிவிடுங்கள், அது போதும்.

எப்படியானாலும் ஜூலைக் கடைசியில் வருகிறேன். முதலிலிருந்து போட்டாலும் பரவாயில்லை.

உங்கள் நாத்தனார்


ஜூலை 5

அடி பெண்ணே,

மூணு நாளா இந்தக் காகிதத்தை மெஷின் மேல வெச்சுக்கிட்டுத் துணி தைக்கறேன். ஒரு சட்டைக்கு ரெண்டு இடது கை வெச்சுட்டேன்.

நீ கேக்காம இருந்தா சொல்லியிருக்கமாட்டேன். இல்லைன்னு எழுதச் சொல்றே. எழுதிடுவேன், ஆனா நாளைக்கு வேற எவனாவது டாக்டர் உன் மூஞ்சிக்கு நேரா சொல்லுவான். அதுக்கு நான் சொல்றது மேல்.

இருந்துது. நீ போன அன்னைக்கு ராத்திரி ஆரம்பிச்சா. பகல்ல மறந்துடுவா, படுத்தா கட்டைவிரல் உள்ளே போயிடும். முதல்ல சின்னப் பிள்ளைதானே, நாலு நாள்ல விட்டுடும்னு விட்டேன். அப்புறம் கசப்பு மருந்து தடவினேன். முகத்தைச் சுளிச்சுக்கிட்டே அந்தக் கசப்பையும் சூப்பினா. பழைய துணியில கைக்கு உறை தைச்சுப் போட்டேன். துணியோட வாயில வெச்சுக்கிட்டா. விடிஞ்சா உறை ஈரமா இருக்கும். ஒரு நாள் உறையைப் பல்லால பிச்சு எடுக்க முடியாம, சத்தம் வராம அழுதுக்கிட்டு இருந்தா. நான்தான் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். போனாப் போகுது பல்லுன்னு நினைச்சேன். ரெண்டு நிமிஷத்துல தூங்கிட்டா.

பத்து வயசு வரைக்கும் இருந்துது. அப்புறம் தானாவே விட்டுடுச்சு. அதுக்குள்ள மேல்பல் முன்னாடி வந்துடுச்சு, கீழ்ப்பல் உள்ளே போயிடுச்சு. டாக்டரம்மா கேட்டப்போ அவளை வெளியில உக்கார வெச்சுட்டுத்தான் சொன்னேன்.

நீ விடுமுறைக்கு வந்த மூணு வாரம் விரல் வாய்க்குப் போகலை. உன் புடவைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டே தூங்கினா. அதனாலதான் நீ பார்க்கலை. ஏர்போர்ட்டுல இருந்து திரும்பி வரும்போதே, கார்லயே, விரல் உள்ளே போயிடுச்சு.

உன்மேல தப்புன்னு சொல்ல எழுதலை. உன் வீட்டுக்காரர் செத்து, கையில குழந்தையோட நின்னவ நீ. போகாம என்ன பண்ணியிருப்பே.

முயலுன்னு கூப்பிடாதே. பள்ளிக்கூடத்துலயும் அதையே சொல்லிச் சிரிக்கறாங்க. நீ சொன்னா அவளுக்கு அது கேலியா, செல்லமான்னு தெரியமாட்டேங்குது.

அண்ணி


ஜூலை 24

அண்ணி,

உங்கள் கடிதம் வந்த அன்று வேலையில் ஒரு பெட்டி லென்ஸைக் கீறல் இருக்கிறதா என்று பார்க்காமலே "சரி" என்று அனுப்பிவிட்டேன். கீறல் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் மயிரிழைக் கீறல்கூட என் கண்ணுக்குத் தப்பாது என்று மேற்பார்வையாளர் சொல்வார்.

அவள் பல் ஏன் அப்படி ஆனது என்று தெரியாமல், அதைப் பார்த்துச் சிரித்து, அதற்கு ஒரு செல்லப்பெயரும் வைத்து, தினம் போனில் கூப்பிட்டிருக்கிறேன்.

நான் இப்போது வரவில்லை. அங்கேயே முடியட்டும். பிள்ளைக்கு எது நல்லதோ அது. கம்பி கழற்றிய பிறகு வருகிறேன். அவளிடமும் போனில் சொல்லிவிட்டேன்: "பல் நேரானதும் அம்மா வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவேன், சரியா?" சரிம்மா என்றாள்.

அதுவரை கொஞ்சம் பாருங்கள். ஒரு தடவைகூட டாக்டரிடம் போகாமல் இருக்காதீர்கள், தள்ளிப்போனால் அந்தந்த மாதம் வீண். கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டிய துண்டு ஏதாவது பெயர்ந்தால் அடுத்த தடவை பார்க்கலாம் என்று விடாமல் உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள். சரியாகத் தேய்க்காவிட்டால் கம்பி எடுத்த பிறகு பல்லில் வெள்ளைத் திட்டு நின்றுவிடுமாம். பேச்சுப்போட்டி இருந்தால் மெழுகு வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாதது இல்லை. இங்கிருந்து செய்ய எனக்கு வேறொன்றும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அறைக்கு இன்னொரு கட்டில் வாங்கிவிட்டேன். ஜன்னலோரம் அவளுக்கு. துணி மடித்து வைக்கக்கூட அதைத் தொடுவதில்லை.

உங்கள் நாத்தனார்


அக்டோபர் 9

கண்ணு,

இந்தக் கடிதம் போன வாரமே எழுதியிருக்கணும். எழுதாம இருந்துடலாமான்னும் ஒரு வாரம் யோசிச்சேன். அதையும் சொல்லிடறேன்.

போன வருஷம் போட்ட கம்பி, ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நாலு பல் எடுத்த இடைவெளி அழகா மூடிடுச்சு. இனிமே மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும். அதுக்குக் குட்டிக் குட்டி ரப்பர் வளையம் கொடுத்திருக்காங்க, உனக்கு அவ காட்டியிருப்பா. மேல் கொக்கியில ஒரு முனை, கீழ் கொக்கியில ஒரு முனை. சாப்பிடற நேரம், பல் தேய்க்கற நேரம் தவிர நாள் முழுக்க வாயில இருக்கணும். கம்பியை டாக்டர் இறுக்குவாங்க, ஆனா ரப்பரைப் பிள்ளைதான் மாட்டணும். வேற யாரும் அவளுக்காக மாட்ட முடியாது.

போன தடவை, அதுக்கு முன்ன தடவை, ரெண்டு தடவையும் டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினாங்க. "அசையவே இல்லையே, ரப்பர் போடறியா?" "போடறேன் டாக்டர்." "இப்படியே போனா இந்தக் கம்பியோடதான் காலேஜுக்குப் போவே." இவ தலையை மட்டும் ஆட்டினா. சாதாரணமா ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்ற வாய்.

போன வாரம் நூல் சுத்தற பாபின் தேடி மெஷின் டிராயரைத் துழாவினேன். துண்டுத்துணிக்கு அடியில ரப்பர் பாக்கெட் பாக்கெட்டா இருக்கு. பிரிக்கவே இல்லை. டாக்டர்கிட்ட போற அன்னைக்குக் காலையில மட்டும் ஒண்ணு எடுத்து மாட்டிக்கிட்டு வந்திருக்கா.

அடிக்கத்தான் கூப்பிட்டேன். "ஏன்டி, யார் காசுன்னு நினைச்சே, உங்கம்மா அங்க கண்ணு பூத்துப்போக வேலை செய்யறா"ன்னு கத்தினேன். அவ தரையைப் பார்த்துக்கிட்டு சொன்னா: "பல் நேரானா அம்மா வந்துடுவாங்க அத்தை."

வந்தா நல்லதுதானேன்னேன்.

"வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க."

அதுக்கப்புறம் எனக்குக் கை ஓங்கலை.

அவளுக்கு உன்னைப் பிடிக்காம இல்லை. நீ போன் பண்ற நேரத்துக்குத் தலை சீவிக்கிட்டு உக்காருவா. ஆனா அவளுக்கு இந்த மெஷின் சத்தத்துலதான் தூக்கம் வரும். மாமா செருப்புச் சத்தம் தெருமுனையில கேக்கும்போதே கதவைத் திறப்பா. அந்த ஊரு, அந்தப் பள்ளிக்கூடம், அந்தக் கட்டில், எல்லாம் அவளுக்குப் போன்ல பார்த்தது.

நீ என்ன சொன்னாலும் அதுக்குக் கட்டுப்படறேன். கூட்டிக்கிட்டுப் போறேன்னா பெட்டி கட்டிக் கொடுக்கறேன். சத்தியமா.

அண்ணி


நவம்பர் 2

அண்ணி,

முதலில் உங்கள்மேல்தான் கோபம் வந்தது. நான்கு பக்கம் எழுதினேன். வளர்த்தீர்களா, வளைத்தீர்களா என்றெல்லாம் கேட்டிருந்தேன். கிழித்துப் போட்டேன். பெட்டி கட்டிக் கொடுக்கிறேன் என்று எழுதிய கையைப் பார்த்து அதையெல்லாம் கேட்க முடியாது.

பிறகு அவள்மேல் கோபம் வந்தது. நேற்று போனில், "ரப்பர் போட்டிருக்கியா?" என்று மட்டும் கேட்டேன். "போட்டிருக்கேம்மா" என்று வாயைத் திறந்து காட்டினாள். கொக்கிகள் வெறுமனே இருந்தன. நானும் "நல்ல பிள்ளை" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஒரு தடவை நான் போனதால் பல் கோணியது. இனி நான் வருவேன் என்பதால் அது நேராகாமலே நிற்க வேண்டுமா?

கீழே இருப்பதை அவளிடம் வாசித்துக் காட்டுங்கள். நானே சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

"கண்ணு, ரப்பர் போட்டுக்கோ. பல் நேரானதும் வருவேன்னு அம்மா சொன்னேன் இல்லையா, அது வேண்டாம். நான் உன்னைக் கூட்டிக்கிட்டுப் போக வரமாட்டேன். கம்பி எடுத்த பிறகும் வரமாட்டேன். சத்தியமா வரமாட்டேன். நீ அத்தைகூடவே இரு. அம்மாவுக்குக் கோபம் இல்லை. தினமும் போட்டுக்கோ, சாப்பிடும்போது மட்டும் எடு. பழசு தளர்ந்துபோகும், தினம் புதுசு மாத்து. நல்லாத் தேய்."

வாசிக்கும்போது நீங்கள் அழாதீர்கள். நீங்கள் அழுதால் அவள் இதை நம்பமாட்டாள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 21

என் தங்கத்துக்கு,

நேத்து கம்பி எடுத்தாச்சு.

நீ எழுதினதை நான் வாசிச்ச அன்னைக்கே ரப்பரை மாட்டிக்கிட்டா. அதுக்கப்புறம் ஒரு நாள் தவறலை. டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டாங்க, "என்ன மந்திரம் போட்டீங்க?"ன்னு என்னைக் கேட்டாங்க. நானும் சும்மா சிரிச்சு வெச்சேன்.

ஒவ்வொரு துண்டா கழட்டி, ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி, மெருகு போட்டாங்க. நாக்கால தடவிப் பார்த்துட்டு, "வழுக்குது அத்தை"ன்னா. ரெண்டு பல்லுல லேசா வெள்ளைத் திட்டு இருக்கு, நான் காவல் இருந்தும். உற்றுப் பார்த்தாத்தான் தெரியும். நீ லென்ஸ் பார்க்கற மாதிரி பார்க்காதே.

முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்கன்னு சொன்னாங்க. நகர்ந்த பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்குமாம். சுத்தியிருக்கற எலும்பு இறுகணும். பல்லு மேல மாட்டிக்கக் கண்ணாடி மாதிரி ஒரு தகடு கொடுத்திருக்காங்க, இப்போதைக்கு நாள் முழுக்க, அப்புறம் ராத்திரி மட்டும், வருஷக்கணக்கா. தட்டுல கழட்டி வெச்சு மறந்துபோய்க் குப்பையில கொட்டற பிள்ளைகள்தான் அதிகமாம். அதைப் போட்டு வெக்க டப்பா ஒண்ணு, நான் தைச்ச பையோட அவ கழுத்துல மாட்டிவிட்டிருக்கேன்.

வரும் வழியில, "அம்மா சொன்ன மாதிரி வரமாட்டாங்கதானே?"ன்னு கேட்டா. மாட்டாங்கன்னேன். ஜன்னல் வழியா வெளியே பார்த்துக்கிட்டே வந்தா. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டும்போது கேட்டா, "பார்க்கக்கூட வரமாட்டாங்களா?"

நீ பதில் சொல்லிக்கோ.

சிகிச்சைக்கு முன்னாடி எடுத்த பல் அச்சு, வெள்ளைச் சுண்ணாம்புல செஞ்சது, டாக்டரம்மா எங்ககிட்டயே கொடுத்துட்டாங்க. அவ தூக்கிப் போடுங்க அத்தை, அசிங்கமா இருக்குன்னா. எனக்கு மனசு வரலை. உனக்கு அனுப்பியிருக்கேன். உடையாம இருக்கணும்னு அவளோட பழைய பாவாடைத் துணியில சுத்தி வெச்சிருக்கேன்.

அண்ணி


ஜூலை 15

அன்புள்ள அண்ணி,

டிசம்பரில் வருகிறேன். அவளைப் பார்க்க மட்டும் என்று சொல்லுங்கள். டிக்கெட் எடுத்துவிட்டேன், வரவும் ஒரு ஆளுக்குத்தான், திரும்பிப் போகவும் ஒரு ஆளுக்குத்தான். அவள் நம்பவில்லை என்றால் காட்டுவதற்கு அதைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

கம்பி எடுத்த பிறகு நீங்கள் அனுப்பிய போட்டோ பார்த்தேன். சிரிக்கிறாள். நான் விளக்குக்கு நேரே பிடித்தெல்லாம் பார்க்கவில்லை. அழகாக இருக்கிறாள், அவள் அப்பா சாயல். இத்தனை நாள் அந்தப் பல்லுக்குப் பின்னால் அவர் இருந்தது எனக்குத் தெரியவில்லை.

ஜன்னலோரக் கட்டிலைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். தரையில் படுத்துக்கொண்டிருந்தாள்.

பல் அச்சு உடையாமல் வந்தது. பாவாடையைத் தனியாக மடித்து வைத்தேன். நான் நேரில் பார்க்காத அந்த நாலு பல்லும் அதில் இருக்கிறது, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் சேர்த்து வைத்தால் முன்னால் மட்டும் சேரவில்லை. பின்பற்கள் கடித்துக்கொண்டு நிற்கின்றன, நடுவில் வட்டமாக ஓர் இடைவெளி. என் கட்டைவிரலை அதில் வைத்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் நின்றது. விரலை எடுக்காமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தகட்டை ராத்திரி மறக்காமல் போடச் சொல்லுங்கள். நகர்த்தி வைத்த இடத்திலேயே பல் நிற்கட்டும்.

இந்த அச்சைத் திருப்பிக் கொண்டுவரமாட்டேன், அண்ணி. இதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் நாத்தனார்